குழம்பு வந்தால் தங்கம் வருமா?

கேள்வி: பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கில் இருக்கும் தங்கம், செம்பு, நிக்கல் எல்லாவற்றையும் உருகிய பாறைக்குழம்புதான் மேலே கொண்டுவருகிறது என்று படித்தேன். அப்படியானால் எரிமலை இருக்கும் இடமெல்லாம் தங்கம் கிடைக்க வேண்டுமே?

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். குழம்பு வெறும் வண்டி. சரக்கை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது கந்தகம்.

மேன்டில் பெரும்பாலும் திடப்பாறை. ஒரு டன்னில் ஒரு மில்லிகிராம் அளவுக்குத்தான் தங்கம் இருக்கும். அந்தப் பாறை சில இடங்களில் நூற்றுக்குச் சில பங்கு மட்டும் உருகுகிறது. உருகியது ஆலிவின் என்ற கனிமத்தின் மணிகளின் விளிம்போடு மெல்லிய இழைகளாக ஓடி, எடை குறைவு என்பதால் மேலேறுகிறது. ஆனால் உலோகங்களுக்குக் கந்தகத்தின் மேல்தான் ஒட்டுதல். கந்தகமும் இரும்பும் சேர்ந்த சல்பைடு, குழம்போடு கலக்காமல் தனித்துளியாக நின்றுவிடும். பிளாட்டினம் அந்தத் துளிக்குள் பல்லாயிரம் மடங்கு செறிந்துவிடுகிறது.

இதை நான் ஆய்வகத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். விரல் நகத்தைவிடச் சின்ன கிராஃபைட் குப்பியில் பாறைத்தூளை அடைத்து, 1,300 டிகிரி வெப்பத்தில், வளிமண்டலத்தைப் போல 15,000 மடங்கு அழுத்தத்தில் வைப்போம். சுமார் 50 கிலோமீட்டர் ஆழத்துக்கு அது சமம். அப்புறம் மின்சாரத்தை நிறுத்திச் சட்டென்று குளிரவைத்து, அறுத்து, மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். மங்கிய சாம்பல் நிறத்துக்கு நடுவே மஞ்சளாக மின்னும் குட்டி சல்பைடு உருண்டைகள்! மணிகளின் மூலைகளில் அப்படியே சிக்கிக்கிடந்தன. அன்று மாலை முழுக்க அந்த லென்ஸை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் துளி கரைந்தால்தான் உலோகத்துக்கு விடுதலை. பாறை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உருகினால் சல்பைடு தீர்ந்துபோகும். கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் செருகும் இடங்களில் வேறு வழி உண்டு. அங்கே ஆக்சிஜனேற்றம் அதிகம். கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சல்பேட்டாக மாறி எளிதில் கரைகிறது, செம்பும் தங்கமும் குழம்போடு கிளம்பிவிடுகின்றன. பல எரிமலைகளில் இந்த இரண்டும் நடப்பதில்லை. அங்கே தங்கம் கீழேயே நின்றுவிடுகிறது.

மேலே வந்த பிறகு கதை திரும்புகிறது. குழம்பில் சிதறிக்கிடக்கும் உலோகத்தை ஒன்றுசேர்க்க அங்கே கந்தகம் வேண்டும். ரஷ்யாவின் நொரில்ஸ்கில் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் எழுந்த குழம்பு, வழியில் கந்தகம் நிறைந்த படிவப்பாறைகளைக் கரைத்துக்கொண்டது. உடனே சல்பைடு துளிகள் மறுபடி பிரிந்தன. குழம்பைவிடக் கனமானவை என்பதால் அடியில் போய்த் தேங்கின. இன்று அங்கே நிக்கலும் பல்லேடியமும் வெட்டுவது அந்தத் தேக்கத்திலிருந்துதான்.