27 அங்குல மானிட்டரில் கார் ரேஸ் ஆட எஃப்ஓவி எவ்வளவு வைக்கலாம்?

மேசையில் 27 அங்குல மானிட்டரும் ஸ்டியரிங் வீலும் இருக்கின்றன, எஃப்ஓவியை, அதாவது திரையில் காட்சி விரியும் கோணத்தை, எவ்வளவு வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் மதுரை என்பதால் மாசி வீதியில் ஒரு மாடி ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலை ஒட்டி நின்றால் தெரு இரண்டு பக்கமும் வெகுதூரம் தெரியும். அறைக்குள் தள்ளி நின்றால் எதிர்க்கடை மட்டும்தான். மானிட்டரும் அப்படி ஒரு ஜன்னல்தான்.

உங்கள் திரையின் அகலம் சுமார் 60 செ.மீ. அதில் பாதியைக் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, கால்குலேட்டரில் டான் இன்வர்ஸ் (tan⁻¹) எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். 70 செ.மீ. தூரம் என்றால் 46 டிகிரி, 50 செ.மீ. என்றால் 62. இது கிடைமட்டக் கோணம். ஐரேசிங் என்ற கார் ரேஸ் கேம் கேட்பது இதைத்தான். அசெட்டோ கோர்சா என்ற கேம் கேட்பது செங்குத்துக் கோணம், அதே 70 செ.மீ.க்கு 27 டிகிரி. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதல் நாள் கார் ஊர்வது போலத் தோன்றும், பக்கக் கண்ணாடியும் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள். கோணத்தை விரித்தால் வேகம் கூடினாற்போல இருக்கும். ஆனால் வளைவு சிறுத்துத் தள்ளிப் போய்விடும், எங்கே பிரேக் மிதிப்பது என்று காலுக்குப் பிடிபடாது.

எண்ணை மாற்றும் முன் மானிட்டரை நகர்த்துங்கள். நான் அம்மாவின் தையல் டேப்பால் புருவத்தில் இருந்து அளந்து, திரையை வீலுக்குப் பின்னாலேயே ஒட்டி வைத்தேன். 70 செ.மீ. 50 ஆனது. காசு செலவில்லாமல் 16 டிகிரி!