படுக்கையறை டிவிக்கு ஸ்டிக்கா, பெட்டியா?

கேள்வி: எங்கள் படுக்கையறையில் 32 அங்குல டிவி இருக்கிறது. படம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அதிலுள்ள ஓடிடி செயலிகள் திறக்கவே நெடுநேரமாகிறது. சில செயலிகள் வேலையே செய்வதில்லை. டிவியின் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகி ஓடிடி பார்க்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்க நினைத்தோம். 'ஸ்டிக் எதற்கு? ஆண்ட்ராய்டு பெட்டி வாங்குங்கள். 8 ஜிபி ரேம், 8கே, எல்லாச் சேனலும் இலவசம்' என்கிறார் தெரிந்த விற்பனையாளர் ஒருவர். ரூட்டர் கூடத்தில் இருக்கிறது. ஒருவர் தூங்கும் நேரத்தில் மற்றவர் பார்க்க வேண்டியிருக்கும். எதை வாங்குவது நல்லது?

பதில்: ஸ்டிக்கையே வாங்குங்கள். அந்தப் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

முதலில் 8கே, அதாவது மிக அதிகப் புள்ளிகள் கொண்ட படம், என்ற ஆசைவார்த்தையைப் பார்ப்போம். 32 அங்குல டிவிகளில் பெரும்பாலானவற்றின் திரையில் 1366க்கு 768 புள்ளிகள்தான் இருக்கும். நல்ல மாடல் என்றால் 1920க்கு 1080. திரையில் இல்லாத புள்ளியை எந்தப் பெட்டியாலும் காட்ட முடியாது. ஆகவே உங்களுக்கு முழு ஹெச்டி ஸ்டிக் போதும். விரைவில் பெரிய டிவி வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 4கே மாடலைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் பெட்டியின் அட்டையில் இருக்காது. ஓடிடி நிறுவனங்கள் படங்களைப் பூட்டிய நிலையில்தான் அனுப்புகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் அனுமதி கருவிக்கு இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கருவிகளில் இந்த வேலையைச் செய்வது கூகுளின் வைட்வைன். அதில் எல்1 நிலை கிடைத்த கருவிக்குத்தான் தெளிவான படம் வரும். கீழ்நிலையான எல்3 என்றால் நெட்ஃபிளிக்ஸ் 480 வரிப் படத்தைத்தான் அனுப்பும். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. நீங்கள் உயர்ந்த சந்தாவே கட்டியிருந்தாலும் மங்கல் படம்தான் கிடைக்கும். கேட்டால் 'உங்கள் இன்டர்நெட் சரியில்லை' என்று விற்றவர் சொல்லிவிடுவார்.

8 ஜிபி ரேம் என்பதையும் நம்பாதீர்கள். இத்தகைய பெட்டிகளில் அமைப்புகள் பக்கமே பொய் சொல்லும்படி மென்பொருளை மாற்றி வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது 1 ஜிபி, திரையில் காட்டுவது 8 ஜிபி. ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணையும் இப்படியே கூட்டிக் காட்டுவதுண்டு.

இதுவரை சொன்னது பண நஷ்டம். இனி சொல்வது அதைவிட மோசமானது. 2023 தொடக்கத்தில் டி95 என்ற பெயரில் விற்ற பெட்டி ஒன்றைப் பிரித்துச் சோதித்தபோது, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதில் தீய மென்பொருள் இருந்தது தெரியவந்தது. 2024 செப்டம்பரில், ஏறத்தாழ 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் வோய்டு என்ற தீய மென்பொருள் புகுந்திருப்பதை டாக்டர் வெப் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அமைப்பே பேட்பாக்ஸ் 2.0 என்ற இதே போன்ற தீய மென்பொருள் பற்றிப் பொது எச்சரிக்கை விட்டது. இந்த வகைத் தீய மென்பொருள், உங்கள் வீட்டு இணைய இணைப்பை உங்களுக்குத் தெரியாமல் மற்றவர்களுக்கு வாடகைக்கு விடும். யாரோ செய்யும் மோசடி உங்கள் இணைய முகவரியிலிருந்து நடந்ததாகப் பதிவாகும். அமைப்புகளை அழித்து மறுபடி தொடங்கினாலும் போகாது. அடிப்படை மென்பொருளிலேயே கலந்திருக்கிறது.

எப்படி அடையாளம் காண்பது? 'எல்லாச் சேனலும் இலவசம்' என்ற பேச்சே போதுமான அடையாளம். முகப்புத் திரை கைபேசித் திரையைப் போல இருந்தால் சந்தேகப்படுங்கள். ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தித்தான் எதையும் அழுத்த முடிகிறது என்றாலும் அப்படியே. நிறுவும்போது கூகுளின் ப்ளே ப்ரொடெக்ட் பாதுகாப்பை அணைக்கச் சொன்னால் அந்த நிமிடமே கருவியைக் கழற்றிவிடுங்கள். அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக், ரோக்கு, ஆப்பிள் டிவி மூன்றும் அந்தந்த நிறுவனம் தானே பராமரிக்கும் மென்பொருளில் ஓடுபவை. மற்ற நிறுவனங்களின் கருவி என்றால் அது கூகுளின் சான்று பெற்ற கூகுள் டிவி அல்லது ஆண்ட்ராய்டு டிவியாக இருக்க வேண்டும். வெறுமனே 'ஆண்ட்ராய்டு பெட்டி' என்று அச்சிட்டிருப்பது சான்று ஆகாது.

நல்ல கருவி வாங்கியவர்களையும் விடாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. கருவியை முதல்முறை இணைக்கும்போது திரையில் ஒரு குறியீடு தோன்றும். அதை எங்கே போடுவது என்று இணையத்தில் தேடினால், நிறுவனத்தின் பெயரிலேயே போலித் தளங்களும் தொலைபேசி எண்களும் வந்து நிற்கும். அழைத்தால் 'செயல்படுத்தும் கட்டணம்' கேட்பார்கள். உங்கள் கணினியைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுக்கவும் அனுமதி கேட்பார்கள். அப்படி ஒரு கட்டணமே கிடையாது. ரோக்கு நிறுவனம் இதை வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. தளத்தின் முகவரி திரையிலேயே இருக்கும். அதை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்யுங்கள். தேடுபொறி பக்கம் போகவே வேண்டாம். வாழ்நாள் சந்தா என்று மொத்தமாகப் பணம் கேட்பவரையும் நம்பாதீர்கள். அவர் விற்பது திருட்டு இணைப்பு. அது நின்றுபோனால் நீங்கள் யாரிடமும் முறையிட முடியாது.

இத்தனை சொல்லிவிட்டு, சான்று பெற்ற கருவிகளை விற்கும் பெரிய நிறுவனங்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது. இந்தக் கருவிகளுக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்பு மேம்படுத்தல் கிடைக்கும் என்பதை ஏன் அட்டையில் பெரிதாக அச்சிடக் கூடாது? 2019 டிசம்பரில் பழைய சாம்சங் டிவிகள் சிலவற்றிலும் பழைய ரோக்கு கருவிகள் சிலவற்றிலும் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. கருவி நன்றாகத்தான் இருந்தது. 2018 தொடக்கத்திலிருந்து 2019 ஜூலை வரை, கூகுளும் அமேசானும் போட்ட சண்டையில் ஃபயர் டிவியில் யூடியூப் செயலி இல்லாமல் மக்கள் சிரமப்பட்டார்கள். 2025 மார்ச்சில், உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் ஒரே நேரத்தில் செயலிழந்தன. சரிசெய்யச் சில நாட்கள் ஆயின. உங்கள் டிவியின் செயலிகள் வேலை செய்யாமல் போனதற்கும் இந்தப் பொறுப்பின்மைதான் காரணம். வாங்கும் முன் அந்த மாடல் எந்த ஆண்டு வெளிவந்தது என்று பாருங்கள். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய தலைமுறைக் கருவியின் ஆயுளில் பாதி கிடங்கிலேயே கழிந்திருக்கும்.

இனி உங்கள் அறை. ரூட்டர் கூடத்தில் இருப்பதால் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகப் படம் பார்க்கும் இரவு நேரத்தில், கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையை மட்டும் வைத்துக்கொண்டு, டிவிக்குப் பின்பக்கம் அதைப் பிடித்து வேகத்தைச் சோதியுங்கள். கட்டிலில் உட்கார்ந்து சோதிப்பதால் பயனில்லை. ஸ்டிக் இருக்கப்போவது டிவியின் முதுகில். முழு ஹெச்டி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் போதும் என்பது நெட்ஃபிளிக்ஸ் கணக்கு. அதைப்போல இரண்டு மடங்காவது வந்தால் நிம்மதி. ரூட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். இரண்டாவது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். இரண்டிலும் சோதித்துப் பாருங்கள். ஸ்டிக்கோடு சிறிய ஹெச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் வந்தால் தூக்கிப் போடாமல் பயன்படுத்துங்கள். டிவியின் உலோகப் பகுதியிலிருந்து ஸ்டிக் கொஞ்சம் விலகினாலே சிக்னல் கூடுவதுண்டு.

இங்கேதான் ஒரு விதிவிலக்கு. எப்படிச் சோதித்தாலும் அந்த அறைக்கு வைஃபை ஒழுங்காக வரவில்லை, ஆனால் கூடத்திலிருந்து லேன் கேபிள் இழுக்க முடியும் என்றால், உங்களுக்கு ஸ்டிக் அல்ல, லேன் துளை உள்ள பெட்டிதான் பொருத்தம். நான் சொல்வது சான்று பெற்ற பெட்டி. உங்களிடம் ஒருவர் விற்கப் பார்க்கிறாரே, அது அல்ல. 'லேன் துளையில் 100 மெகாபிட்தான் வரும், பழைய வகை' என்று யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்தாதீர்கள். 4கே படத்துக்கே 15 மெகாபிட்தான் கேட்கிறார்கள். பல ஸ்டிக்குகளுக்கு லேன் அடாப்டர் தனியாகவும் கிடைக்கிறது. ஆகவே ஏற்கெனவே ஸ்டிக் வாங்கிவிட்டவர்கள் அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. கேபிளும் இழுக்க முடியாத வாடகை வீடு என்றால் முதலில் ரூட்டரை இடம் மாற்றிப் பாருங்கள், பிறகு வைஃபை எக்ஸ்டெண்டர். அதை சிக்னல் செத்துப்போன படுக்கையறையில் வைக்காமல் கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் வைக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு டிவியின் யுஎஸ்பி துளையை நம்பாதீர்கள். பல டிவிகளில் அது அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் அடிக்கடி அணைந்து எழும். கூட வரும் அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள்.

ஒருவர் தூங்கும்போது மற்றவர் பார்ப்பதற்கு ப்ளூடூத் ஹெட்போன் இணையும் கருவி வேண்டும். ஃபயர் டிவி, கூகுள் டிவி, ஆப்பிள் டிவி மூன்றிலும் நேரடியாக இணைக்கலாம். ரோக்குவின் சில மாடல்களில் கைபேசிச் செயலி வழியாக ஒலியைக் கேட்க வேண்டியிருக்கும். இரவில் கைபேசியும் கையுமாக இருப்பது பிடிக்காவிட்டால் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஹெட்போனில் உதட்டசைவுக்குப் பின்னால் ஒலி வந்தால், கருவியின் அமைப்புகளில் ஒலி ஒத்திசைவு என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேறு ஹெட்போனைக் கொண்டு சோதித்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள். அதுவரை அட்டைப்பெட்டியையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.