கத்தி இல்லாம ப்ராஸ்டேட் கேன்சருக்கு வைத்தியம், காசுக்கு என்ன வழி?

விருதுநகர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: அப்பாவுக்கு 72 வயசு, ப்ராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை பிஎஸ்ஏ 11, சதை எடுத்துப் பாத்த பயாப்சில கேன்சரோட வீரியத்தச் சொல்ற கிளீசன் அளவு 3+4, ஸ்கேன்ல எங்கயும் பரவல. ஆபரேஷன்னாலே அப்பா பயப்படுறாரு, யூடியூப்ல ஹைஃபுன்னு அல்ட்ராசவுண்ட் சூட்டால கட்டிய கருக்கற ஒண்ண பாத்தோம், ஒருத்தர் ப்ரோட்டான்னு இன்னொரு வகை கதிர் சிகிச்சை வைங்கங்கறாரு, கைல இருக்கறது 5 லட்சம் பிரைவேட் இன்சூரன்ஸ் மட்டும்தான், என்ன பண்ணலாம்னு.

தம்பி, மொதல்ல பதறாதீங்க. இந்த கேன்சர் பெரும்பாலும் மெதுவா நகர்ற ஜாதி. இங்கிலாந்துல 1643 பேர மூணு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒண்ணுக்கு கரண்ட் (அதாவது ரேடியேஷன்), ஒண்ணுக்கு வெறும் கண்காணிப்புன்னு வச்சு 15 வருஷம் கழிச்சு பாத்தாங்க, எந்தப் பிரிவுலயும் இந்த கேன்சரால செத்தவங்க நூத்துக்கு மூணு பேரு அளவுதான். அதனால காப்பீட்டு பேப்பர் வேலைக்கு ரெண்டு மூணு வாரம் ஓடினா ஒண்ணும் ஆகிடாது, வட்டிக்கு வாங்கிட்டு ஓடாதீங்க.

கத்தி இல்லாம பண்றதுல நல்லா நிரூபிச்சது நம்ம ஊர்ல கரண்ட் வைக்கறதுன்னு சொல்ற ரேடியேஷன்தான். முன்னாடி ஏழெட்டு வாரம் அலையணும். இப்போ 20 சிட்டிங், அதாவது நாலு வாரம், சாதாரணமா ஆயிடுச்சு. உங்க அப்பா மாதிரி ரிப்போர்ட் இருக்கறவங்களுக்கு எஸ்.பி.ஆர்.டி.ன்னு, துல்லியமா குறி வச்சு ஒவ்வொரு தடவையும் அதிக கதிர் குடுக்கற முறைல, வெறும் 5 சிட்டிங்லயே முடிக்கலாம். பேஸ்-பின்னு ஒரு ஆய்வோட முடிவு 2024ல வந்துச்சு, அஞ்சு வருஷம் கழிச்சும் நோய் தலை தூக்காம இருந்தவங்க 5 சிட்டிங்ல 95.8 சதவீதம், நீள கோர்ஸ்ல 94.6, ஆக ரெண்டும் சமம்தான். ஆனா மூத்திரத் தொந்தரவு 5 சிட்டிங்ல கொஞ்சம் கூட, அப்பாவுக்கு ஏற்கனவே ராத்திரில அஞ்சாறு தடவ எந்திரிக்கற பிரச்சனை இருந்தா டாக்டர்கிட்ட அத மறைக்காம சொல்லுங்க, 20 சிட்டிங்கே நல்லதுன்னு சொல்லலாம்.

ஹைஃபு கத்தி இல்லாததுதான், ஆனா மயக்கம் குடுத்து ஆசனவாய் வழியா கருவி விட்டுத்தான் பண்றாங்க, கரண்டுக்கு இருக்கற அளவு நீண்ட நாள் கணக்கு அதுக்கு கிடையாது. ப்ரோட்டான் சென்னை தரமணில 2019ல இருந்து இருக்கு, குழந்தைங்களுக்கும் மூளை, முதுகுத்தண்டு பக்கத்து கட்டிக்கும் அது வரப்பிரசாதம். ப்ராஸ்டேட்டுக்கு? அமெரிக்கால 450 பேர வச்சு சாதாரண கரண்டோட ஒப்பிட்டு பாத்தாங்க, குடல் தொந்தரவுலயும் வித்தியாசம் இல்ல, நோய் கட்டுப்பாட்டுலயும் இல்ல. என்னக் கேட்டா அதுக்காக வீட்ட விக்காதீங்க.

இப்போ காசு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல 5 லட்சம் வரைக்கும் கிடைக்கும். விஏஓ கிட்ட வருமான சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற கவுண்டருக்கு போங்க. இது காச கட்டிட்டு அப்புறம் வாங்கற திட்டம் கிடையாது, அனுமதி வந்த பிறகுதான் மொத சிட்டிங், பலபேரு சறுக்கறது இங்கதான். எத்தன சிட்டிங், எந்த டெக்னிக் பேக்கேஜ்ல வருதுன்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியோட பாலரெங்காபுரம் பிரிவுலயும் ஒரு தடவ காட்டுங்க, உங்களுக்கு கிட்டத்துல அதுதான். வருமானம் அதிகம்னாலும் 70 வயசு தாண்டினவங்களுக்கு வருமான வரம்பே இல்லாத ஆயுஷ்மான் கார்ட மத்திய அரசு 2024 அக்டோபர்ல கொண்டுவந்துச்சு, நீங்க போற ஆஸ்பத்திரில அது செல்லுமான்னு கேளுங்க.

பிரைவேட் பாலிசில ரெண்டு பக்கத்த உக்காந்து படிங்க. ஒண்ணு டே கேர் லிஸ்ட், அதாவது ராத்திரி தங்காம அன்னைக்கே வீட்டுக்குப் போற சிகிச்சைகளோட பட்டியல், கரண்ட் அதுல இருந்தா "24 மணி நேரம் அட்மிட் ஆகல"ன்னு தட்டிக்கழிக்க முடியாது. இன்னொண்ணு நவீன சிகிச்சை பக்கம்: 2019ல இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கற ஐஆர்டிஏஐ 12 நவீன சிகிச்சைகள ஒதுக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு, ஸ்டீரியோடாக்டிக் (அந்த 5 சிட்டிங் கரண்ட் இந்த வகை), ஹைஃபு எல்லாம் அந்த லிஸ்ட்ல பேர் இருக்கு, ஆனா கம்பெனி அதுக்கு தனியா ஒரு உச்சவரம்பு வச்சிருக்கலாம், 5 லட்சம் பாலிசில அந்த சிகிச்சைக்கு பாதிதான்னு அப்போ தெரியவரும். பாலிசி விடாம அஞ்சு வருஷம் ஓடியிருந்தா, மோசடின்னு நிரூபிச்சாத்தான் பழைய நோய மறைச்சீங்கன்னு மறுக்க முடியும். மறுத்தா எழுத்துல வாங்குங்க, கம்பெனிக்கு புகார் போடுங்க, 30 நாள்ல பதில் இல்லன்னா இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு தீர்ப்பு சொல்ற சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போங்க, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

நீங்க பழைய முறைல வரி கட்டறவரா இருந்தா பெரிய நோய் வைத்தியத்துக்கான வருமான வரிக் கழிவுல (1961 சட்டத்துல 80டிடிபி) 1 லட்சம் வரைக்கும் கழிக்கலாம், இன்சூரன்ஸ் குடுத்தது போக மிச்சத்துக்குத்தான்.

சென்னைக்குத்தான் போகணும்னு ஆயிட்டா ரயில் சலுகைய விட்டுடாதீங்க, ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் கேன்சர் பேஷண்டுக்கு டிக்கெட் முழுசா இலவசம், கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதுக்கான ஃபார்ம்ல டாக்டர் கையெழுத்தும் சீலும் வேணும், மொத விசிட்லயே வாங்கி வச்சிக்கங்க.