பாட்டு மாஷ் எங்கிருந்து வருகிறார்?

அன்புள்ள ஐயா,

என் தங்கை பாலக்காடு செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டில் பட்டம் முடித்திருக்கிறாள். உயர்நிலைப் பள்ளியில் இசை ஆசிரியையாக வேண்டும் என்பது அவள் விருப்பம். “மேடை கிடைக்காதவர்கள்தான் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போவார்கள்” என்று பெரியப்பா சொன்னதிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. பள்ளி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியபோது உங்கள் இசை ஆசிரியரான பாட்டு மாஷைப் பற்றி ஒரே ஒரு வரி வந்தது. இந்த ஆசிரியர்கள் எந்தப் பின்னணியிலிருந்து வருகிறார்கள், வேலையில் சேர்ந்தபின் அவர்கள் நிலை என்ன என்று விரிவாக எழுத முடியுமா? பெரியப்பா சொல்வது சரிதானா?

க., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள க.,

உங்கள் பெரியப்பா சொன்னதை இந்தப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் நானும் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். அது சரியல்ல. ஆனால் அவர்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. பாலக்காட்டில் பிறந்தவர்களுக்குச் சங்கீதம் என்றதும் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரும் மிருதங்கம் மணி ஐயரும்தான் கண்முன் வருவார்கள். அவர்களைப் பார்த்த கண்ணுக்குப் பள்ளிக்கூடத்து ஆர்மோனியம் சிறியதாகத்தான் தெரியும். கச்சேரி செய்வது ஒரு தொழில், பாடவே வராது என்று நம்பிக்கொண்டிருக்கும் நாற்பது பிள்ளைகளைச் சேர்ந்து பாடவைப்பது இன்னொரு தொழில் என்பதை நான் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் குறிப்பிட்ட அந்த ஒரு வரியின் பின்னால் இருப்பது அதுதான்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு மகரக்கட்டு வந்தது, அதாவது குரல் உடைந்தது. காலை அசெம்பிளியில் தேசிய கீதம் பாடும்போது என் குரலும் இன்னும் நான்கைந்து பையன்களின் குரலும் பிளந்துகொண்டு போகவே, வகுப்பாசிரியர் ஒருவர் “நீங்களெல்லாம் வாயை மட்டும் அசைத்தால் போதும்” என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் அப்படியே வாயசைத்தோம். அதைக் கவனித்துவிட்ட பாட்டு மாஷ், மத்தியான இடைவேளையில் எங்களை வராந்தாவின் கோடிக்கு அழைத்துப்போய் ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்காரவைத்தார். தேசிய கீதம் கீழ் நிஷாதத்திலிருந்து (நி) மேல் சட்ஜம் (ஸ) வரைக்கும் போகிறது. கடைசியில் மூன்று முறை வரும் ‘ஜய ஹே’யில் முதலாவது வரும் இடத்தில் அந்த மேல் சட்ஜத்தைத் தொட்டாக வேண்டும். எங்கள் பள்ளியில் வழக்கமாகப் பெண் பிள்ளைகளின் குரலுக்கு ஏற்ப ஐந்து கட்டைச் சுருதியில் எடுப்பார்கள். மகரக்கட்டுப் பையனுக்கு அந்த ஸ்தாயியில் மேல் சட்ஜம் எட்டாது. ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு சுரங்களின் ஒரு முழு அடுக்கு, இறங்கிப் பாடலாம் என்றால் ஆரம்பமே தொண்டைக்கு அடியில் போய் அடைத்துக்கொள்ளும். மாஷ் எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு சுரத்தைப் பிடிக்கச் சொல்லி, விரலை ஒவ்வொரு கட்டையாக நகர்த்தி, கடைசியில் ஒரு கட்டையில் வந்து நின்றார். மறுநாள் அசெம்பிளியில் அதுவே சுருதி. பெண் பிள்ளைகள் வழக்கத்தைவிடச் சற்று மேலே ஏறிப் பாடினார்கள். நாங்கள் பின்வரிசையில் ஒரு ஸ்தாயி கீழே அதே சுரங்களைப் பிடித்தோம். விதிப்படி 52 நொடியில் முடிகிறதா என்று மாஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்குத் திரும்பக் கிடைத்தது என் குரல். இதைச் செய்ய ராகம் விரித்துப் பாடத் தெரிந்தால் மட்டும் போதாது. பதினான்கு வயதுத் தொண்டையில் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். எங்கள் மாஷ் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் பஜனை மடத்தில் பாடிப் பழகியவர். சம்பிரதாய பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்கக் கூட்டம் வாங்கிப் பாடும் அந்த முறையே பிற்பாடு வகுப்பறையில் தமக்குக் கைகொடுத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அக்கிரகாரத்துப் பஜனை மரபு இங்கே ஒரு பெரிய ஊற்று. அடுத்தது இசைக் கல்லூரிகள். திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரிக்கு முதல் முதல்வராக இருந்தவர் திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்றவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். கேரளத்துப் பள்ளிகளில் இரண்டு மூன்று தலைமுறைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் அங்கும் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியிலும் கானபூஷணம் என்ற இசைப் பட்டயம் வாங்கியவர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றோடு நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றையும் கற்பிக்கிறார்கள். மேளக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் ஓதுவார் வீட்டுப் பிள்ளைகளும் சான்றிதழோடு பள்ளி வேலைக்கு வர அது ஒரு வழியாயிற்று.

தேவாலயப் பாடகர் குழுக்களிலிருந்து வந்தவர்களை மறந்துவிடக் கூடாது. பல குரல்களைப் பிரித்துச் சேர்க்கும் வித்தை அவர்களுக்குச் சிறுவயதிலேயே பழகிப்போயிருக்கும். தென்காசிக்குப் பக்கத்திலுள்ள சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதை உங்கள் பெரியப்பாவிடம் சொல்லுங்கள். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசை ஆராய்ச்சி நூலை எழுதியவர் அவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேடை கிடைக்காதவர் என்று சொல்லும்போது பெரியப்பாவின் மனதில் இருப்பவர்கள் ஆண்கள்தான் என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு இரவுக் கச்சேரிக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் வீட்டில் அனுமதி இல்லாமற்போன எத்தனையோ பெண்கள், கற்ற வித்தை கைவிட்டுப் போகாமல் காப்பாற்றிக்கொண்டது பள்ளிக்கூடத்து வேலையில்தான். அவர்களுக்குத் தகுதி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

வேலைக்கு வந்தபின் நிலை என்ன என்று கேட்டீர்கள். என் மனதை வருத்துவது இந்தப் பகுதிதான். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை ராஜ்யத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் எல்லையிலுள்ள வாளையாற்றுக்கு அந்தப் பக்கத்துச் சான்றிதழ் வேறு மாநிலத்துச் சான்றிதழ் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் இளநிலை, முதுநிலை இசைத் தேர்வுகளும் தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழும் வைத்திருப்பவர்கள் சிறப்பாசிரியர் ஆகிறார்கள். இங்கே கேரளத்தில் இசைக் கல்லூரிப் படிப்போடு கே-டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் நான்காம் பிரிவில் தேர்ச்சி வேண்டும்; பி.எஸ்.சி. என்ற அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தரவரிசைப் பட்டியலில் பெயர் வர வேண்டும். உங்கள் தங்கை இங்கேயே படித்தது நல்லது. அந்தப் பக்கம் படித்தவர்கள் என்றால் சமநிலைச் சான்றுக்காக அலைய வேண்டியிருக்கும்.

பட்டியலில் பெயர் வந்தாலும் பணியிடம் வேண்டுமே. ஒவ்வொரு ஜூனிலும் ஆறாம் வேலைநாளில் எடுக்கும் பிள்ளைகளின் தலைக்கணக்கை வைத்துப் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். கணக்கு வாத்தியார் இல்லாமல் எந்தப் பள்ளியும் நடக்காது. பாட்டு வாத்தியார் இல்லாமல் எத்தனையோ பள்ளிகள் நடக்கின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் ‘பகுதிநேர’ப் பயிற்றுநர் வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்த ஒரு சொல் எத்தனை குடும்பங்களைப் பாதித்திருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலைக்கு மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். பிற்பாடு தொகை உயர்ந்தது. ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருடக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கும் பதவி உயர்வு குறுகலானதுதான். வெளியே டியூஷன் எடுக்கலாம் என்றால் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்களுக்குத் தனிப்பயிற்சியைத் தடை செய்கிறது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பாட்டு வாத்தியாரின் பாடத்துக்கு வினாத்தாள் கிடையாது. அதனால் பாட்டுப் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கேரளப் பள்ளிகளின் கலைவிழாவான கலோத்ஸவம் நெருங்கினால் மட்டும் எல்லோரும் அவரைத் தேடுவார்கள். 1957இல் தொடங்கிய அந்த விழாவில் பள்ளி, உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று படிப்படியாகப் பிள்ளைகளை ஏற்றிவிட வேண்டும். சாஸ்திரிய சங்கீதம், லளிதகானம், குழுப்பாட்டு என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். கிரேஸ் மார்க் கிடைக்கும் என்பதால் வசதியுள்ள பெற்றோர் வெளியிலிருந்து பணம் கொடுத்துப் பயிற்சியாளர் வைப்பதும் உண்டு. பயிற்சியாளர் வைக்க முடியாத தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும் கூலிக்காரர் மகனுக்கும் அப்போது பாட்டு மாஷ் ஒருவர்தான் இருப்பார். கலோத்ஸவத்தில் தமிழ்ச் செய்யுள் சொல்லுதலும் ஒரு போட்டி. எங்கள் பள்ளியில் அதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்தவர் மலையாளம் மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பாட்டு டீச்சர். தமிழாசிரியரிடம் ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கேட்டு மலையாள எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, எந்த இடத்தில் மூச்சு விடுவது என்று பென்சிலால் கோடு போட்டிருந்தார். அந்தத் தாள் வெகுநாள் என்னிடம் இருந்தது.

தங்கை இந்த வேலைக்கு வரட்டும் என்பதே என் விருப்பம். சம்பளத்தையும் பணியிடத்தையும் பற்றி மேலே எழுதியதை மறைக்காமல் அவருக்குக் காட்டுங்கள். வர்ணமும் கீர்த்தனையும் அவருக்குக் கல்லூரியில் கிடைத்திருக்கும். கூடவே ஆர்மோனியம் அல்லது கீபோர்டு வாசிக்கப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள், வகுப்பில் சுருதியை உடனுக்குடன் மாற்ற அது வேண்டும். கே-டெட்டுக்குப் படிக்கும் இந்த மாதங்களில், தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, பக்கத்துப் பள்ளியில் எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது பாடிக்காட்டட்டும். பின்வரிசையில் யாராவது வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தால் அவனை எந்தச் சுருதியில் பாடவைத்தார் என்று அவரே எனக்கு ஒரு கடிதம் எழுதட்டும்.