டிரெட்மில்லில் வந்த நேரம் மைதானத்தில் வருமா? 1.6 கிலோமீட்டர் ஓட்டம் பற்றிய கேள்வி பதில்

ராணுவத்தின் அக்னிவீர் ஆள்சேர்ப்பு முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஏறத்தாழ ஒரு மைல். ஆண்கள் 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண், 5 நிமிடம் 45 விநாடிக்குள் முடித்தால் 48. பதினொரு ஆண்டுகளாக இந்த ஓட்டத்துக்குப் பையன்களையும் பெண்பிள்ளைகளையும் பழக்கி வருகிறேன். மழை தொடங்கி மைதானம் சேறானதும் எல்லோரும் ஜிம்முக்குள் போய்விடுகிறார்கள். அதனால் இந்த முறை வந்தவை பெரும்பாலும் டிரெட்மில் கேள்விகள்.

கேள்வி (விருதுநகர் மாவட்டம், வயது 19): அண்ணா, டிரெட்மில்லை மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வைத்து ஓடினால் 5:20-இல் முடிக்கிறேன். மைதானத்தில் 6:05 ஆகிறது. இதில் எது என் உண்மையான நேரம்?

பதில்: 6:05தான், தம்பி. மனம் தளர வேண்டாம். இந்த 45 விநாடி எங்கே போகிறது என்று பார்த்துவிட்டால் பாதியை மீட்டுவிடலாம்.

முதலில், கைப்பிடியைத் தொட்டீர்களா? ஒரு விரல் வைத்தாலும் உடல் எடையில் கொஞ்சம் அதன்மேல் இறங்கிவிடும். அடுத்தது காற்று. ஜிம்முக்குள் நீங்கள் நின்ற இடத்திலேயே ஓடுகிறீர்கள். நெஞ்சில் காற்று மோதுவதில்லை. மைதானத்தில் இந்த வேகத்தில் போனால், காற்றே வீசாத நாளில்கூட எதிர்காற்றைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

இவற்றைவிடப் பெரியது வேகக் கணக்கு. டிரெட்மில்லில் வேகத்தைக் காப்பது பெல்ட். நீங்கள் தளர்ந்தாலும் அது தளராது. அதனோடு போகவேண்டும், இல்லையென்றால் இறங்கவேண்டும். மைதானத்தில் அந்த வேலையும் உங்களுடையது. 5:30 என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 82.5 விநாடி. என்னிடம் வரும் பையன்களில் பத்தில் எட்டுப் பேர் விசில் சத்தம் கேட்டதும் பாய்ந்து முதல் சுற்றை 72-இல் முடிப்பார்கள். மூன்றாவது சுற்றில் தோள் காதுவரை ஏறி, 95 ஆகிவிடும். 81, 83, 84, 82 என்று ஓடிப் பாருங்கள். கூட்டினால் சரியாக 5:30. அந்த 81 எப்படி இருக்கும் என்பது கண்ணை மூடினாலும் காலுக்குத் தெரிய வேண்டும். பெல்ட் அதைக் கற்றுத் தராது.

கேள்வி (சேலம்): ஒரு சதவீதம் சாய்வு வைத்து ஓடினால் மைதானத்துக்குச் சமம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கணக்கு அது. மணிக்குச் சுமார் 10.5 முதல் 18 கிலோமீட்டர் வேகம்வரை, ஒரு சதவீதச் சாய்வில் ஓடினால் வெளியில் சமதரையில் ஓடும் அளவுக்கு ஆற்றல் செலவாகிறது என்று கண்டார்கள். 5:30-க்கு வேண்டிய வேகம் 17.45, இந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் சமமாவது மூச்சின் செலவு மட்டும். வளைவில் திரும்புவது, மண்ணில் கால் புதைவது, பக்கத்தில் இடிப்பவன் இவையெல்லாம் அதில் சேராது.

கேள்வி (ஜிம் வைத்திருப்பவர், மதுரை): எங்கள் இயந்திரம் காட்டும் வேகம் சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: ஐயா, இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு பெல்ட்டின் முழுச் சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் மேலே ஓடும்போதே சோதிக்க வேண்டும். ஆள் ஏறினால் சில பெல்ட்டுகள் தளர்ந்துவிடும். அளவு 3 மீட்டர் என்றால் 30 சுற்றுக்கு 90 மீட்டர். திரை 15 காட்டும்போது அது 21.6 விநாடியில் முடிய வேண்டும். 23 விநாடி ஆனால் உண்மை வேகம் 14.1தான். வேகமாகச் சுற்றும் கோட்டைக் கண்ணால் எண்ண முடியாது. கைப்பேசியில் படம் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு எண்ணுங்கள்.

கேள்வி (புதுக்கோட்டை): எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் நான்கு சுற்று ஓடி 5:25 வந்தது. முகாமில் தோற்றுவிட்டேன். ஏன்?

பதில்: மைதானத்தை அளந்தீர்களா? நான் பழக்கிய ஒரு மைதானத்தை ஊரே 400 மீட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 30 மீட்டர் டேப்பை வைத்துக்கொண்டு நானும் மூன்று பையன்களும் குனிந்தே ஒரு சுற்று வந்தோம். 370 மீட்டர்! நான்கு சுற்றில் 120 மீட்டர் குறைவு. இந்த வேகத்தில் அது 25 விநாடி. அன்று அந்தப் பையன்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அது முகாமில் தெரியாமல் முன்னாலேயே தெரிந்ததே என்று இன்றும் நினைக்கிறேன்.

சரியான 400 மீட்டர் தடத்திலும் உள்வட்டத்தில்தான் 400. வெளிப்பக்கம் ஒவ்வொரு தடம் தள்ளும்போதும் சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடும். கூட்டமாக ஓடவிடும்போது இரண்டாவது தடத்திலேயே நான்கு சுற்றும் ஓடினால் சுமார் 28 மீட்டர், அதாவது ஆறு விநாடி வீண். முந்துவதை நேர்ப்பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் உள்ளே வந்துவிடுங்கள்.

கேள்வி (தென்காசி, துணை ராணுவக் காவலர் பணிக்கான எஸ்.எஸ்.சி. ஜிடி தேர்வுக்குப் படிப்பவர்): பெண்களுக்கு 1.6 கிலோமீட்டர் 8 நிமிடம் 30 விநாடி. வீட்டில் இருட்டியபின் வெளியே விடமாட்டார்கள். டிரெட்மில் மட்டும் போதுமா சார்?

பதில்: உங்களுக்கு வேண்டிய வேகம் மணிக்கு 11.3 கிலோமீட்டர், எந்த ஜிம் இயந்திரமும் தாங்கும். வாரத்தில் மூன்று நாள் அதில் ஒரு சதவீதச் சாய்வோடு ஓடுங்கள், தவறில்லை. ஞாயிறு காலை மட்டும் அப்பாவையோ அண்ணனையோ துணைக்கு அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தை உரக்கச் சொன்னால் போதும். 127 விநாடிக்கு ஒரு சுற்று. நேரம் பிடிக்கத் தொடங்கியபின் தாங்களே முன்வந்து அழைத்துப்போகும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (ராமநாதபுரம்): எங்கள் கடற்கரைக் காற்றில் நேரம் கெடுகிறது. காற்றில்லாத நாளுக்குக் காத்திருக்கலாமா?

பதில்: பயிற்சிக்குக் காத்திருக்காதீர்கள், சோதனை ஓட்டத்துக்குக் காத்திருக்கலாம். 1954 மே 6-ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் முதன்முறையாக நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய ரோஜர் பேனிஸ்டரே, காற்றைப் பார்த்து அன்று வேண்டாம் என்று விட்டுவிட இருந்தார். பக்கத்துத் தேவாலயத்தின் கொடி தளர்ந்ததைக் கண்டபின்தான் ஓடினார், 3:59.4. உங்கள் மைதானத்திலும் ஒரு கொடி கட்டிவையுங்கள். எதிர்க்காற்று வரும் பக்கத்தில் ஒருவர் பின்னால் ஒதுங்கி ஓடவும் பழகுங்கள்.

கேள்வி (கடலூர்): முகாமுக்கு 12 நாள். மழை விடவில்லை. கடைசிச் சோதனை ஓட்டத்தை டிரெட்மில்லில் வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம். அதில் நல்ல நேரம் வந்தால் நம்பிவிடுவீர்கள், மோசமாக வந்தால் பயந்துவிடுவீர்கள், இரண்டும் கெடுதல். டிரெட்மில்லில் 400 மீட்டராக நான்கு முறை, நடுவில் இரண்டு நிமிடம் நடை, 17.5 வேகம் போதும். மழை இடைவிட்ட ஏதாவது ஒரு காலையில், வண்டி வராத தார்ச்சாலையில் 400 மீட்டரை டேப்பால் அளந்து, இரண்டு முனையிலும் செங்கல் வைத்து, போய்வந்து போய்வந்து 1600 ஓடுங்கள். திரும்பும் இடத்தில் முறைக்கு ஓரிரு விநாடி போகும், அதைக் கழித்துக்கொள்ளலாம். கடைசி மூன்று நாள் மெதுவோட்டம் மட்டும், ஸ்டாப்வாட்ச்சைத் தொட வேண்டாம்.