ஞாயிறு இரவு செய்து வியாழன் வரை: சிக்கன் பாஸ்தா சாலட், கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி செஞ்சு வெச்சா நாலு நாளைக்கு ஆபீஸ் மதியச் சாப்பாட்டுக்கு ஆகணும். ஒரு ஆளுக்குத்தான். அளவு சொல்லுங்க.

பதில்: நாலு டப்பாவுக்கு உலர்ந்த பாஸ்தா 300 கிராம், எலும்பில்லாத நெஞ்சுக்கறி 500 கிராம். பாஸ்தா வெந்தால் 700 கிராம் போல வரும், சிக்கன் 370 கிராம் போலச் சுருங்கும். காய்க்குக் குடைமிளகாய் 1, கேரட் 1, வேகவைத்த ஸ்வீட் கார்ன் 1 கப், பெரிய வெங்காயம் பாதி.

டிரெஸ்ஸிங்: எண்ணெய் 90 மி.லி., வினிகர் 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், மஸ்டர்ட் சாஸ் 2 டீஸ்பூன், தேன் 1 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன். எல்லாவற்றையும் ஒரு பாட்டிலில் ஊற்றி மூடிக் குலுக்கினால் போதும். இலை சாலட்டுக்கு எண்ணெய் மூன்று பங்கு, புளிப்பு ஒரு பங்கு என்பது வழக்கம். பாஸ்தாவுக்கு அந்தப் புளிப்பு போதாது, மாவுச்சத்து அதை விழுங்கிவிடும். அதனால்தான் இங்கே புளிப்பு கூடுதல்.

கேள்வி: முதல் நாள் நல்லா இருக்கு. ரெண்டாம் நாள் பாஸ்தா விறைச்சு, வறண்டு போயிடுது. டிரெஸ்ஸிங் எங்கே போச்சுன்னே தெரியல.

பதில்: பாதிப் பேருடைய புகார் இதுதான். இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, வெந்த மாவுச்சத்து குளிரும்போது மறுபடி இறுகும். பிரிட்ஜ் குளிரில்தான் அது வேகமாக நடக்கும். பிரிட்ஜில் வைத்த சோறு விறைப்பதும் இதனால்தான். சூடாகச் சாப்பிடும் பாஸ்தாவை நடுவில் லேசான கடிபதம் இருக்கும்போதே இறக்குவோம். சாலட்டுக்கு அது தவறு. பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு மேல் ஒன்றரை முதல் 2 நிமிடம் வேகவிடுங்கள். சட்டியில் பார்க்கும்போது கொஞ்சம் குழைவாகத் தெரியும், மறுநாள் சரியான பதத்துக்கு வந்துவிடும்.

இரண்டாவது, பாஸ்தா இரவு முழுக்க டிரெஸ்ஸிங்கை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மொத்தத்தையும் ஞாயிறே ஊற்றினால் திங்கள் மதியம் பளபளப்பு இருக்காது. மூன்றில் ஒரு பங்கை மட்டும் பாஸ்தாவை அலசி வடித்ததும் ஊற்றிப் பிரட்டுங்கள். அது உள்ளே போய்ச் சுவை ஏற்றும், ஒட்டாமலும் வைக்கும். மீதி பாட்டிலிலேயே பிரிட்ஜில் இருக்கட்டும். தினமும் காலையில் டப்பாவுக்கு 2 டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றிக் கிளறினால் நாலாம் நாளும் வறளாது.

கேள்வி: பாஸ்தாவைத் தண்ணில அலசக் கூடாதுன்னு சொல்றாங்களே?

பதில்: சூடான சாஸில் பிரட்டப்போகிறீர்கள் என்றால் அலசக் கூடாது, மேலே இருக்கும் மாவுதான் சாஸைப் பிடிக்கும். சாலட்டுக்கு அலசத்தான் வேண்டும். வேகுவது உடனே நிற்கும், பசையும் போகும்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இதற்குப் பிறகு பாஸ்தா அடுப்பேறப் போவதில்லை. ஆகவே அலசும் தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருக்க வேண்டும், குழாய்த் தண்ணீர் வேண்டாம். கோடையில் குடத்துத் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும் ஊர்களில் அதில் ஒரு தட்டு ஐஸ் போடுங்கள். அரை நிமிடம் அலசி, வடிகட்டியில் 5 நிமிடம் விட்டு, தண்ணீர் சொட்டுவது நின்றதும் டிரெஸ்ஸிங். ஈரத்தோடு ஊற்றினால் எண்ணெய் வழுக்கிக் கீழே தேங்கும்.

வேகவைக்கும் தண்ணீர் 3 லிட்டர், அதில் உப்பு 30 கிராம். கல்லுப்பும் தூள் உப்பும் ஸ்பூன் கணக்கில் ஒத்துப்போகாது, தராசு இருந்தால் எடைபோடுங்கள்.

கேள்வி: எந்த வடிவம் வாங்கலாம்?

பதில்: திருகு வடிவமான ஃபுசில்லி. டிரெஸ்ஸிங் வரிகளில் தங்கும், முட்கரண்டியில் சுலபமாக ஏறும். பென்னேயும் சரி. நூடுல்ஸ் மாதிரி நீளமானது வேண்டாம். வடிவத்தைவிட முக்கியம் பாக்கெட்டின் பின்பக்கம்: டூரம் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும். மைதா கலந்த மலிவு பாஸ்தாவை 2 நிமிடம் கூடுதலாக வேகவைத்தால் கூழாகிவிடும். அரிசி மாவு பாஸ்தா பிரிட்ஜில் மிக மோசமாக விறைக்கும். கோதுமை ஆகாதவர்கள் இதை அன்றன்றே செய்துகொள்வது நல்லது.

கேள்வி: குக்கர்ல ரெண்டு விசில் விட்டேன். சிக்கன் நார் நாரா, ரப்பர் மாதிரி ஆயிடுச்சு.

பதில்: குக்கர் வேண்டாம். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. சூடு ஏற ஏற நார்கள் சுருங்கி உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். குக்கருக்குள் 100 டிகிரிக்கும் மேல் போகிறது. சிக்கனின் நடுப்பகுதிக்குத் தேவையானது 74 டிகிரிதான்.

தடித்த பக்கத்தைத் தட்டி எல்லா இடமும் 2 செ.மீ. கனமாக ஆக்குங்கள். 1 டீஸ்பூன் உப்புத் தடவி அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். பிறகு சட்டியில் வைத்து, கறிக்கு மேல் இரண்டு விரல் நிற்கும்படி பச்சைத் தண்ணீர் ஊற்றி, பிரிஞ்சி இலை, பத்து மிளகு போட்டு மிதமான தீயில் ஏற்றுங்கள். அடியில் சிறு குமிழ்கள் வர ஆரம்பித்ததும் தீயைச் சுருக்கிவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவே கூடாது. அங்கிருந்து 10 நிமிடத்தில் சோதிக்கத் தொடங்குங்கள்; துண்டு பெரிதானால் 15 வரை போகும். தெர்மாமீட்டரைத் தடித்த இடத்தில் குத்தி 74 வந்ததும் எடுத்துவிடுங்கள். அடிக்கடி சிக்கன் சமைக்கிறவர்களுக்கு அந்தக் கருவி வீண்செலவு இல்லை. இல்லாதவர்கள் நடுவில் வெட்டிப் பார்த்து, இளஞ்சிவப்பு துளியும் இல்லாமல் சாறு தெளிவாக வருகிறதா என்று பாருங்கள்.

சூட்டோடு நறுக்கினால் சாறெல்லாம் பலகையில் நிற்கும். தட்டில் 20 நிமிடம் ஆறவிட்டு, பிரிட்ஜில் குளிரவைத்து, நாருக்குக் குறுக்காக ஒன்றரை செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். சூடான கறியைப் பாஸ்தாவில் கொட்டி மூடுவதுதான் இந்தச் சமையலில் செய்யக்கூடிய பெரிய தப்பு. ஏனென்று அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: எத்தனை நாள் தாங்கும்? வாசனை நல்லா இருந்தா வெள்ளிக்கிழமை வரைக்கும் சாப்பிடலாமா?

பதில்: வாசனையை நம்பாதீர்கள். பாஸ்தா, சோறு இரண்டிலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதிக்கவைத்தாலும் அவை சாவதில்லை. வெதுவெதுப்பில் மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. கெட்ட வாசனை வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2003இல் பெல்ஜியத்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் மிஞ்சிய பாஸ்தா சாலட்டைச் சாப்பிட்டு நோயில் விழுந்தார்கள், ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். அந்தச் சாலட் இருந்தது பிரிட்ஜில்தான். ஆனால் அந்தப் பிரிட்ஜின் உள்ளே 14 டிகிரி இருந்தது.

ஆகவே இரண்டு விதிகள். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் பிரிட்ஜுக்குள் போக வேண்டும், அதுவும் ஆழமான பாத்திரத்தில் குவித்து அல்ல, அகலமான தட்டில் பரப்பி. பிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்க வேண்டும். உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், எண் போட்ட திருகைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. இரண்டும் சரியாக இருந்தால் திங்கள், செவ்வாய், புதன் நிம்மதியாகச் சாப்பிடலாம், வியாழன் கடைசி. இடையில் பல மணி நேரம் மின்தடை வந்தால் அந்த வாரக் கணக்கு அதோடு முடிந்தது. வெள்ளிக்கிழமைக்கும் வேண்டும் என்றால் நறுக்கிய சிக்கனில் ஒரு பங்கை ஞாயிறே ஃபிரீசரில் போட்டு, புதன் இரவு கீழ்த்தட்டுக்கு இறக்கி, வியாழன் இரவு புதிதாக 75 கிராம் பாஸ்தா மட்டும் வேகவையுங்கள். கலந்த சாலட்டை ஃபிரீசரில் வைக்காதீர்கள், காய்கள் தொளதொளத்துவிடும்.

கேள்வி: எங்க ஆபீஸ்ல பிரிட்ஜ் இல்ல. காலைல 8 மணிக்குக் கிளம்பினா 1 மணிக்குத்தான் சாப்பாடு.

பதில்: அப்படியே கொண்டுபோகக் கூடாது. அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம்தான் எல்லை. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம். சென்னை மே மாதத்துக்கு இது எந்தக் கணக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெப்பம் புகாத பை ஒன்று, டப்பாவுக்கு மேலே ஒரு ஐஸ் பேக், கீழே ஒரு ஐஸ் பேக். முக்கால்வாசி நிரப்பி உறையவைத்த தண்ணீர் பாட்டிலும் ஒரு ஐஸ் பேக்தான். டப்பாவை இரவே நிரப்பிப் பிரிட்ஜில் வைத்தால் அதுவும் சேர்ந்து குளிர்ந்திருக்கும். அகலவாய் பிளாஸ்க் இருந்தால் இன்னும் நல்லது: ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, குளிர்ந்த சாலட்டைப் போட்டு மூடுங்கள். மதியம் திறக்கும்போது ஐஸ் முழுக்க உருகி டப்பா சில்லென்று இல்லையென்றால் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: மயோனைஸ் போடலாமா? குழந்தைங்க அதைத்தான் கேக்குறாங்க.

பதில்: போடலாம், ஆனால் கடையில் வாங்கிய முட்டையில்லாத மயோனைஸ் அல்லது பாஸ்ச்சரைஸ் செய்த முட்டையில் தயாரித்தது. பச்சை முட்டை அடித்து வீட்டில் செய்ததை நாலு நாள் சாலட்டில் சேர்க்காதீர்கள். சால்மொனெல்லா போன்ற கிருமிகளின் ஆபத்துக்காகத்தான் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது. எனக்குப் பிடித்த கலவை துணியில் கட்டி இரண்டு மணி நேரம் வடித்த தயிர் மூன்று பங்கு, மயோனைஸ் ஒரு பங்கு. தயிர் நாளுக்கு நாள் புளிக்கும் என்பதால் அதைத் தனிக் கிண்ணத்தில் வைத்து இரண்டு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆலிவ் ஆயில் பிரிட்ஜ்ல கட்டியாயிடுது. தேங்காய் எண்ணெய் தாளிச்சு ஊத்தலாமா?

பதில்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும், வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். வேண்டாம். ஆலிவ் ஆயில் கட்டியானால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, பாட்டிலை வெளியே பத்து நிமிடம் வைத்துக் குலுக்கினால் இளகிவிடும். காலை அவசரத்துக்கு அது ஒத்துவராது என்றால் சூரியகாந்தி எண்ணெய் பாதி, ஆலிவ் பாதி.

கேள்வி: புதன்கிழமை டப்பாவைத் திறந்தா ஒரே வெங்காய வாடை, அடியில தண்ணி வேற.

பதில்: நறுக்கிய வெங்காயத்தை வினிகரில் 10 நிமிடம் ஊறவைத்து வடித்துப் போடுங்கள், காரம் இறங்கும். வெள்ளரி, தக்காளி சேர்த்திருந்தால் தண்ணீர் அவற்றிலிருந்துதான் வருகிறது. உப்புப் பட்டதும் அவை நீர் விடும். இரண்டையும் அன்று காலைதான் நறுக்கிச் சேர்க்க வேண்டும். கொத்தமல்லி, புதினாவும் அப்படியே, புளிப்பில் கிடந்தால் கறுத்துவிடும்.

கேள்வி: செய்யும்போது உப்பு சரியாத்தான் இருக்கு. ஆபீஸ்ல சாப்பிட்டா சப்புன்னு இருக்கு.

பதில்: குளிர்ச்சியில் சுவை நாக்குக்கு மட்டாகத்தான் தெரியும். சூட்டில் ருசிபார்த்து முடிவு செய்யாமல், ஒரு கரண்டி சாலட்டைப் பிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுத்து ருசியுங்கள். அப்போதும் குறைந்தால் முதலில் எலுமிச்சை, பிறகு உப்பு.

கேள்வி: நேத்து மிச்சமான தந்தூரி சிக்கன் போடலாமா?

பதில்: போடலாம், எலும்பும் தோலும் நீக்கி. சமைத்த நாளிலிருந்துதான் நாள் எண்ண வேண்டும், சாலட்டில் சேர்த்த நாளிலிருந்து அல்ல. மசாலாவிலேயே உப்பு இருப்பதால் டிரெஸ்ஸிங்கில் அரை டீஸ்பூன் உப்பு போதும்.