ஓட்டக்களம் – வாசகர் கேள்வி பதில்: உள்ளரங்க நெடுந்தூர ஓட்டங்களில் வெற்றியாளரைக் கணிப்பது எப்படி?

சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரிகளின் உள்ளரங்கத் தடகளப் போட்டியைப் பற்றி எழுதியிருந்தோம். அதையொட்டி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே விடை தரப்படுகிறது.

நானும் என் தோழிகளும் அமெரிக்கக் கல்லூரிகளின் உள்ளரங்கப் போட்டியை இணையத்தில் பார்த்து வருகிறோம். பருவத்தின் சிறந்த நேரப் பட்டியலை வைத்துக்கொண்டு 3000 மீட்டர் ஓட்டத்தின் முதல் எட்டு இடங்களைக் கணித்தோம். பாதிக்கு மேல் தவறிவிட்டது. பட்டியலில் என்ன குறை?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

பட்டியலில் குறை இல்லை. அது வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது. என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதல் பிரிவு உள்ளரங்கப் போட்டியில், தனிநபர் ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பருவத்தின் வேகமான 16 பேர் மட்டுமே அழைக்கப்படுகிறார்கள். அந்த 16 பேருக்குள் வந்துவிட வேண்டும் என்பதற்காகவே வீரர்கள் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேகமான ஓடுபாதைகளைத் தேடிப் போகிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் 200 மீட்டர் ஓடுபாதை அவற்றில் பேர்போனது. வளைவுகள் சரிவாக உயர்த்திக் கட்டப்பட்டவை, உள்ளரங்கம் என்பதால் எதிர்க்காற்று கிடையாது, முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்கப் பேஸர்களும் இருப்பார்கள். நம் நாட்டின் குல்வீர் சிங் 2025 பிப்ரவரியில் 5000 மீட்டரை 12:59.77இல் முடித்து, 13 நிமிடத்துக்குள் ஓடிய முதல் இந்தியர் ஆனதும் இந்தப் பாதையில்தான்.

தேசியப் போட்டியில் பேஸர் கிடையாது. நேரத்துக்கு அங்கே பரிசும் இல்லை. முதல் எட்டு இடங்களுக்கு முறையே 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளிகள் தரப்படுகின்றன, அவ்வளவுதான். முன்னால் ஓடுகிறவர் பின்னால் வருகிறவர்களுக்காக உழைக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், முன்னிலை எடுக்க ஒருவரும் விரும்புவதில்லை. வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் ஈத்தன் ஸ்டிராண்ட் 2024 டிசம்பரில் பாஸ்டனில் 3000 மீட்டரை 7:30.15இல் ஓடிக் கல்லூரிச் சாதனை படைத்தார். மூன்று மாதம் கழித்து வர்ஜீனியா பீச் நகரில் அதே தூரத்தில் அவர் தேசியப் பட்டம் வென்றபோது எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 7:52. பட்டம் அவருக்கே கிடைத்தது. ஆனால் அன்று ஓடப்பட்டது பட்டியலில் இருந்த ஓட்டமன்று. கச்சான் காற்றில் பாய்விரித்த படகின் வேகத்தை வைத்து, வாடைக் காற்றில் நடக்கும் படகுப் போட்டியின் முடிவைச் சொல்ல உங்கள் கடற்கரையில் யாரும் துணிய மாட்டார்கள் அல்லவா?

பட்டியல் முழுவதுமாக ஏமாற்றியதற்கும் சான்று உண்டு. 2017ஆம் ஆண்டின் மைல் ஓட்டத்தில் ஓரிகான் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் செசரெக்தான் வெல்வார் என்று எதிர்பார்க்கப்பட்டது. சில நாட்களுக்கு முன்புதான் 3:52.01 ஓடியிருந்தார், கல்லூரிப் பட்டங்களையும் வரிசையாகக் குவித்திருந்தார். இறுதி ஓட்டம் மெதுவாகச் சென்று 4:03இல் முடிந்தது. வென்றவர் நியூ மெக்சிகோவின் முதலாமாண்டு மாணவர் ஜோஷ் கெர். அவர் பிறகு 2023இல் 1500 மீட்டர் உலக வாகையராகவும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றவராகவும் உயர்ந்தார் என்பதை இன்று திரும்பிப் பார்த்தால் அந்த முடிவில் வியப்பேதும் இல்லை. அன்றைய நேரப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அது பெரும் வியப்பு.

நம் பக்கத்து மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. புதுக்கோட்டையின் கோ. லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியப் போட்டியின் 5000 மீட்டரில் தங்கம் வென்ற நேரம் 14 நிமிடம் 54 விநாடி. அவருடைய சொந்தச் சிறந்த நேரத்தைவிட அது ஒரு நிமிடத்துக்கும் மேல் மெதுவானது. தங்கத்தின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

ஆகவே பட்டியலைக் கீழே வைத்துவிட்டு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஓட்டத்தை யார் முன்னின்று இழுப்பார் என்பது. கடைசிச் சுற்றில் பாயும் திறன் இல்லாத, ஆனால் நெடுநேரம் வேகம் தாங்கக்கூடிய ஒருவர் களத்தில் இருந்தால், அவர் தொடக்கத்திலிருந்தே வேகத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்போது ஓட்டம் வேகமாகும், பட்டியலும் ஓரளவு பலிக்கும். 2024இல் பாஸ்டனில் ஃபுளோரிடாவின் பார்க்கர் வால்பி பெண்கள் 5000 மீட்டரை 14:52.79இல் ஓடிக் கல்லூரிச் சாதனையுடன் வென்றதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால், கடைசி 200 மீட்டரை யார் 26, 27 விநாடியில் முடிப்பார் என்பதே கேள்வியாகிவிடும். அதற்கான தடயம் பிப்ரவரி இறுதியில் நடக்கும் கான்ஃபரன்ஸ் போட்டிகளில், அதாவது கல்லூரிகள் குழுக்களாகச் சேர்ந்து தமக்குள் நடத்தும் போட்டிகளில் கிடைக்கும். அவையும் பேஸர் இல்லாமல், புள்ளிக்காக ஓடப்படுபவை. அங்கே ஓடிய மொத்த நேரத்தை விட்டுவிட்டு, கடைசி இரண்டு சுற்றுகளின் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளரங்கப் பாதையில் வெளிப்புறமாக ஓடுகிறவர் தோற்றுவிடுவார் என்று வர்ணனையாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமா?
– வாசகர், தொண்டி

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு தடத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர். முதல் தடத்தை விட்டு இரண்டாம் தடத்தில் ஒரு முழுச் சுற்று ஓடினால், இரு வளைவுகளும் சேர்ந்து 6.28 மீட்டர் கூடுதலாகிறது. 3000 மீட்டர் என்பது 15 சுற்று. அதில் ஐந்து சுற்றுகள் மட்டும் ஒருவர் வெளித்தடத்தில் மாட்டிக்கொண்டால் 31 மீட்டர் அதிகம் ஓடியிருப்பார். 7:50 வேகத்தில் அது ஐந்து விநாடிக்குச் சமம். பல இறுதி ஓட்டங்களில் முதல் நான்கைந்து பேர் அனைவரும் இந்த ஐந்து விநாடிக்குள்தான் வந்து சேர்கிறார்கள். 400 மீட்டர் திறந்தவெளிப் பாதையிலும் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் சுற்றுக்கு அதே 6.28 மீட்டர்தான் கூடும். ஆனால் அங்கே அதே தூரத்துக்குச் சுற்றுகள் பாதியே என்பதால் இழப்பும் பாதியே. ஆகவே, ஆம், பெரிய விஷயம்தான்.

என் மாணவர்களிடம் ஒரே நாளில் இரண்டு ஓட்டங்களில் பெயர் கொடுக்காதீர்கள் என்று சொல்லி வருகிறேன். அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் இரண்டு, மூன்று ஓட்டங்களில் இறங்குகிறார்களே, அவர்களை எப்படி மதிப்பிடுவது?
– உடற்கல்வி ஆசிரியர், மண்டபம்

ஐயா, கணிப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். போட்டி வெள்ளி, சனி ஆகிய இரு நாட்கள் நடக்கிறது. வெள்ளியன்று மைல் ஓட்டத்தின் தகுதிச் சுற்று, 5000 மீட்டர் இறுதி, அன்றிரவே மெட்லி தொடரோட்டம். சனியன்று மைல் இறுதி, அதற்குப் பிறகு 3000 மீட்டர் இறுதி. மெட்லி தொடரோட்டம் என்பது 1200, 400, 800, 1600 மீட்டர் என நால்வர் பகிர்ந்து ஓடும் 4000 மீட்டர் ஓட்டம். அதில் வெல்லும் அணிக்கும் அதே 10 புள்ளிகள் கிடைப்பதால், பயிற்சியாளர் தம்முடைய சிறந்த மைல் வீரரைக் கடைசி 1600 மீட்டருக்கு இறக்கும் ஆசையை அடக்குவது கடினம். தகுதிச் சுற்றில் ஒரு மைல், இரவு தொடரோட்டத்தில் 1600 மீட்டர், மறுநாள் மைல் இறுதி என்று மூன்று முறை களமிறங்குகிறவரும், வெள்ளியன்று தகுதிச் சுற்றை மட்டும் முடித்துவிட்டுத் தூங்கப் போனவரும் காகிதத்தில் சமமாகத் தெரிவார்கள். சனி மாலையில் அவர்கள் சமமல்லர்.

இருந்தும் இரட்டை வெற்றிகள் நிகழத்தான் செய்கின்றன. 2021இல் ஓரிகானின் கோல் ஹாக்கர் மைல், 3000 மீட்டர் இரண்டையும் வென்றார். அதே பருவத்தில் மைலில் அவரைவிடச் சற்று வேகமான நேரம் வைத்திருந்தவர் அவருடைய சொந்த அணித் தோழர் கூப்பர் டியர் (3:50.39; ஹாக்கர் 3:50.55). 2024இல் வடக்கு அரிசோனாவின் நிக்கோ யங் ஆண்களிலும், மேலே சொன்ன வால்பி பெண்களிலும் 5000, 3000 மீட்டர் இரண்டையும் கைப்பற்றினார்கள். 5000க்கும் 3000க்கும் இடையில் ஓர் இரவு முழுவதும் ஓய்வு கிடைக்கிறது. மைலுக்கும் 3000க்கும் இடையில் கிடைப்பது சிறிது நேரமே. எனவே முதல் வகை இரட்டையருக்கு நான் அதிகம் கழிக்க மாட்டேன். இரண்டாம் வகையினருக்கு, அவர் ஹாக்கரைப் போன்ற கடைசிப் பாய்ச்சல் உடையவராக இருந்தாலொழிய, 3000 மீட்டரில் இரண்டு மூன்று இடம் தாழ்த்தியே குறிப்பேன். பதிவுப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் இரண்டிலும் ஓடுவார் என்றும் நம்ப வேண்டாம். முதல் ஓட்டத்தில் புள்ளி சேர்ந்துவிட்டால் இரண்டாவதிலிருந்து விலகுவது உண்டு.

உங்கள் மாணவர்களுக்கு நீங்கள் சொல்லும் அறிவுரை சரியே. அவர்கள் வளரும் பருவத்தினர். இவர்கள் ஆண்டுக்கணக்கில் வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பழகியவர்கள்.

மலையூர்களில் பயிற்சி பெறும் கல்லூரிகளுக்குக் கூடுதல் வாய்ப்பு உண்டா? ஒரு தூரத்தில் ஓடிய நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தைச் சொல்லும் சூத்திரம் இருக்கிறதாமே?
– வாசகர், பாம்பன்

வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் உதகமண்டலத்தின் உயரத்துக்கு அருகில் வரும். அங்கே வாழ்ந்து பயின்றவர் கடல் மட்டத்துக்கு இறங்கி வந்தால் பயன் உண்டு. போட்டியே உயரத்தில் நடந்தால் பயன் இன்னும் கூடும். 2023இல் 1,600 மீட்டர் உயரமுள்ள ஆல்புகெர்க்கியில் போட்டி நடந்தது. அத்தகைய இடத்தில் நெடுந்தூர நேரங்கள் மெதுவாகவே இருக்கும், மலைக்காற்றுக்குப் பழகாதவர் கடைசிச் சுற்றுகளில் மூச்சுக்குத் திணறுவார். உயரத்திலும் சரிவில்லாத தட்டைப் பாதையிலும் ஓடிய நேரங்களைச் சங்கமே ஒரு விகிதப்படி திருத்திப் பட்டியலில் சேர்க்கிறது. அந்தத் திருத்தம் சராசரி வீரருக்கானது. ஆகவே திருத்தப்பட்ட நேரத்தால் மேலேறியவரை நான் சற்று ஐயத்துடனேயே பார்ப்பேன்.

சூத்திரம் பீட்டர் ரீகல் என்னும் அமெரிக்கப் பொறியாளருடையது. இரு தூரங்களின் விகிதத்தை 1.06ஆம் அடுக்குக்கு உயர்த்தி, தெரிந்த நேரத்தோடு பெருக்க வேண்டும். 3000 மீட்டரை 8 நிமிடத்தில் ஓடுகிறவர் 5000 மீட்டரை 13:45 அளவில் ஓடுவார் என்று அது சொல்லும். மைலை 4 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 3000 மீட்டரில் 7:44 தரும். ஒருவர் மைல் பக்கம் சாய்ந்தவரா, 5000 பக்கம் சாய்ந்தவரா என்று பார்க்க இது நல்ல கருவி. மெதுவாகப் போகும் 3000 மீட்டரில் மைல் பக்கம் சாய்ந்தவரைத் தேர்ந்தெடுங்கள்.

நண்பர்கள் சேர்ந்து கணிப்புப் போட்டி நடத்துகிறோம். சிலர் பணம் வைத்து ஆடலாம் என்கிறார்கள். யார் நன்றாகக் கணித்தார் என்று எப்படி முடிவு செய்வது?
– வாசகர், தேவிபட்டினம்

பணம் வேண்டாம். இணையவழிப் பணப் பந்தயத்தை நம் நாட்டில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அமெரிக்காவிலும் கல்லூரி வீரர்களும் பயிற்சியாளர்களும் பந்தயம் கட்டச் சங்கத்தின் விதி இடம் தருவதில்லை.

முடிவு செய்ய நல்ல வழி இருக்கிறது. வெல்பவர் இன்னார் என்று ஒரே பெயரை எழுதச் சொல்லாமல், ஒவ்வொருவருக்கும் எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று எழுதச் சொல்லுங்கள். வானிலை அறிவிப்புகளைச் சோதிக்க கிளென் பிரையர் 1950இல் வகுத்த முறை இது. மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்பு என்று கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்கும் ஊரில் இதை விளக்க அதிக நேரம் ஆகாது. மூவருக்கு 50, 30, 20 என்று ஒருவர் எழுதுகிறார். 50 பெற்றவர் வெல்கிறார் என்று வையுங்கள். வென்றவருக்கு 1க்கும் 0.5க்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம் 0.25, மற்ற இருவருக்கு 0.09, 0.04, மொத்தம் 0.38. குறைந்த எண் பெற்றவரே சிறந்தவர். 30 பெற்றவர் வென்றிருந்தால் 0.78 ஆகியிருக்கும். தோற்றவர் மீது முழு 100 விழுக்காட்டையும் வைத்தவருக்கு 2, அதாவது இம்முறையில் கிடைக்கக்கூடிய ஆக மோசமான மதிப்பெண். மூவருக்கும் சமமாகப் பிரித்து எழுதிவிட்டு ஒதுங்கியவருக்கு எப்போதும் 0.67 கிடைக்கும் என்பதால், ஒரே ஓட்டத்தை வைத்து யாரையும் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. 800 மீட்டர், மைல், 3000, 5000, மெட்லி தொடரோட்டம் என்று ஆண்களுக்கும் பெண்களுக்குமாகப் பத்து ஓட்டங்கள் கிடைக்கின்றன. பத்துக்கும் கூட்டிப் பாருங்கள். கணிப்புகளை வெள்ளிக்கிழமை மாலைக்குள் வாங்கி வைத்துவிட வேண்டும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு ஓட்டங்கள் நடக்கும் நேரம் நமக்குச் சனிக்கிழமை விடியற்காலை. எழுந்து முடிவைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களும் ஊரில் இருப்பார்கள்.